கறுப்புக் காகிதம் காக்காத விஷயங்கள்: ரத்த மாதிரி சேகரிக்கும் ஊழியர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஆஸ்பத்திரி வாசல்களில் உள்ள லேப்களிலும், கடைத்தெரு மாடிகளில் இயங்கும் கலெக்‌ஷன் சென்டர்களிலும், விடியுமுன்பே இருசக்கர வண்டியின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகச் சென்று ரத்தம் எடுத்து வரும் பணியிலும் ஈடுபட்டிருக்கிற உங்களுக்கு இம்மடலை எழுதுகிறேன். டாக்டர்களை விளித்து எழுதுவோர் பலர்; லேப் முதலாளிகளுக்குப் புகார் எழுதுவோர் அவர்களினும் பலர்; ஊசியைக் கையில் பிடித்திருப்பவரை நோக்கி மரியாதையுடன் நாலு வார்த்தை எழுதியவர்களை நான் அதிகமாகக் கண்டதில்லை. நோயாளிக்கும் உங்களுக்கும் உள்ள சம்பந்தம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் நேர்ந்துவிட்ட ஒரு தவற்றை, பின்னால் குளிரூட்டிய அறையில் வீற்றிருக்கும் எத்தனை லக்ஷம் ரூபாய் யந்திரமானாலும் திருத்திக் கொடுத்துவிட முடியாது என்பதை உங்களில் அநுபவசாலிகள் அறிவீர்கள்.

எழுத எடுத்துக்கொண்ட விஷயம் வைட்டமின் டி பரிசோதனை. முதுகு வலி, முடி உதிர்தல், களைப்பு என்று எதைச் சொல்லிக்கொண்டு போனாலும் சீட்டில் அது ஏறிவிடுகிற காலம் இது. மாஸ்டர் ஹெல்த் செக்கப் என்ற பெயரில் விற்கப்படும் தொகுப்புகளில் அதற்குத் தனி ஆசனமே உண்டு. இத்தனை பேருக்கு இத்தனை முறை அது அவசியந்தானா என்பது நியாயமான கேள்வி. அமெரிக்காவின் என்டோகிரைன் சொசைட்டி 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலில், பிரத்தியேகக் காரணம் எதுவும் இல்லாத ஆரோக்கியசாலிகளுக்கு இதை வாடிக்கையாகச் செய்ய வேண்டாமென்றே கூறியிருக்கிறது. ஆனால் அது டாக்டர்களோடு தொடுக்க வேண்டிய வழக்கு, உங்களோடு அன்று. சீட்டு வந்துவிட்டது, கையை நீட்டியாகிவிட்டது என்ற கட்டத்திலிருந்துதான் உங்கள் பொறுப்பு ஆரம்பமாகிறது.

இந்தப் பரிசோதனையைப் பற்றி உங்களுக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுக்கப்படும் பாடம் பெரும்பாலும் ஒன்றே: வெளிச்சம் படக்கூடாது, டூப்பைக் கறுப்புக் காகிதத்திலோ அலுமினியத் தாளிலோ சுற்று, சுற்றியதை உடனே ஐஸில் வை. ரிப்போர்ட்டில் எண் குறைந்து வந்து நோயாளி சண்டைக்கு வந்தாலும், வேறொரு லேப்பில் எடுத்துப் பார்த்து அங்கே வேறு எண் வந்தாலும், முதலில் விசாரணைக்கு அழைக்கப்படுகிறவர் நீங்கள். முதலில் கேட்கப்படுகிற கேள்வி, ‘சாம்பிளை வெயிலில் வைத்தாயா?’ என்பது. வெயிலில் வைத்திருக்க மாட்டீர்கள். வைத்திருந்தாலுங்கூடக் குறைவுக்கு அது காரணமாக இருந்திருக்குமா என்பதைக் கேட்டவரும் ஆராய்ந்திருக்க மாட்டார். இந்தப் பொருளைப் பொறுத்தவரையில் நீங்கள் செய்யாத குற்றத்துக்கு வசவு வாங்கிக்கொண்டும், உண்மையில் கவனிக்க வேண்டிய விஷயங்களைப் பற்றி ஒருவரும் சொல்லித்தராமலும் காலம் கழிகிறது என்பதே என் அபிப்பிராயம். அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமான கடிதம்.

முதலில், அந்த டூப்பில் நாம் தேடுவது என்ன என்பதைப் பார்ப்போம். தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளின்மேல் சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டு உண்டாவதும், மீனெண்ணெய், முட்டைக்கரு முதலிய ஆகாரங்களின் மூலமும் மருந்துகளின் மூலமும் உள்ளே வருவதுமாகிய வைட்டமின் டி, உண்டான நிலையிலேயே ரத்தத்தில் நெடுநேரம் திரிவதில்லை. அது கல்லீரலுக்குச் சென்று 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி என்ற உருவத்தை அடைகிறது. பிறகு சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் பெற்று, வேலை செய்யும் ஹார்மோனாகிறது. கடைசி உருவத்தின் ஆயுள் மணிக்கணக்கில் அடங்குவது. நடு உருவத்தின் அளவு பாதியாகக் குறைவதற்கோ இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கின்றன. ஆகையால் உடம்பில் இருப்பு எவ்வளவு என்று அறிய நடு உருவத்தையே அளக்கிறோம். அந்த நடு உருவமும் ரத்தத்தில் அநாதையாக மிதந்துகொண்டிருப்பதில்லை. அதில் பெரும்பங்கு, அதற்கென்றே அமைந்த ஒரு புரதத்தோடு இறுகப் பிணைந்தும், மீதியில் ஏறத்தாழ எல்லாம் ஆல்புமினைப் பற்றிக்கொண்டும் இருக்க, தனித்துத் திரிவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்தப் புரதப் பிணைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் சொல்லப்போகும் பாதி விஷயத்துக்கு ஆதாரம் அதுவே.

இவ்விதம் புரதத்தின் பாதுகாப்பில் இருக்கும் பொருள் எவ்வளவு தாங்கும் என்பதைப் பலர் பரீக்ஷித்திருக்கிறார்கள். நெதர்லாந்து தேசத்து ஆராய்ச்சியாளர் இருவர், பிரிக்காத ரத்தத்தையும் பிரித்த சீரத்தையும் அறையின் உஷ்ணத்திலேயே விட்டு வைத்து, நாட்கள் கடந்தபின் அளந்து பார்த்தும் மாற்றம் காணாமல், 2009-இல் வெளியிட்ட சிறு கட்டுரையின் தலைப்பிலேயே அதைப் பாறைக்கு ஒப்பிட்டுவிட்டார்கள். அதற்கு நாலு வருஷம் முன்பே, 2005-இல், சீரத்தைப் பலமுறை உறையவைத்து உருக்கி அளந்தபோதும் எண் மாறவில்லையென்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருந்தார்கள். திண்டுக்கல்லில் காலையில் எடுத்த ரத்தம் சென்னையில் உள்ள மத்திய லேப்பை இரவு பஸ்ஸில் வந்தடைவதால் வைட்டமின் டி கரைந்து போய்விடுகிறது என்று யாராவது சொன்னால், அவர் பயப்படுகிறாரேயன்றி அறிந்து சொல்லவில்லை.

வெளிச்சத்தைப் பற்றிய பயம் எங்கிருந்து வந்தது என்பதும் ஊகிக்கக் கூடியதே. ஆல்கஹாலில் கரைத்துவைத்த சுத்தமான வைட்டமின் டி, புரதத்தின் துணையற்ற நிலையில், வெளிச்சத்தாலும் காற்றாலும் கெட்டுப்போகக் கூடியது. யந்திரத்தை ஒழுங்குபடுத்த உபயோகிக்கும் திரவங்களைப் பழுப்புப் புட்டிகளில் வைத்து ஜாக்கிரதை செய்வது நியாயமே. புட்டிக்குரிய ஜாக்கிரதை டூப்புக்கும் பரவிவிட்டது. இந்தப் பொருள் மிகுதியாக ஈர்த்துக்கொள்ளும் கதிரின் அலைநீளம் சுமார் 265 நானோமீட்டர்; பூமியை எட்டும் சூரிய வெளிச்சத்திலேயே 290-க்குக் கீழ்ப்பட்ட கதிர்கள் ஏறக்குறைய இல்லை; ஜன்னல் கண்ணாடியைக் கடந்து வருவதில் அதற்குச் சற்றே மேற்பட்ட புற ஊதாக் கதிர்களிலும் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது; டியூப்லைட் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. மேஜைமேல் அரைமணி நேரம் திறந்து கிடந்த டூப் அதனால் கெடாது.

இதைச் சொல்வதால் கறுப்புக் காகிதத்தை எல்லாம் கிழித்தெறியுங்கள் என்று நான் உபதேசிப்பதாக எண்ண வேண்டாம். அதே டூப்பில் பிலிரூபின் பார்க்க வேண்டியிருந்தால் வெளிச்சம் உண்மையாகவே தீங்கு செய்யும். வைட்டமின் ஏ முதலியவற்றுக்கும் அப்படியே. உங்கள் லேப்பில் உபயோகிக்கும் கிட்டின் குறிப்புத்தாள் சுற்றி வைக்கச் சொன்னால் சுற்றியே வையுங்கள். குறிப்புத்தாளை மீற உங்களுக்கும் அதிகாரமில்லை, எனக்கும் இல்லை. ஐஸைப் பற்றியும் ஒரு வார்த்தை: பிரிக்காத ரத்தத்தை ஐஸ் கட்டிமேல் நேரே படும்படி வைத்தால் வைட்டமின் டிக்கு லாபம் ஒன்றுமில்லை, சிவப்பணுக்கள் உறைந்து உடையவும், பொட்டாசியம் பொய்யாக உயரவும் அதுவே வழி. பெட்டியில் ஐஸுக்கும் டூப்புக்கும் நடுவே ஒரு துணியோ அட்டையோ இருக்கட்டும்.

அப்படியானால் எண் எதனால் கெடுகிறது?

எல்லாவற்றிலும் முதலாவது, அந்த ரத்தம் யாருடையது என்ற கேள்வி. தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை; முன்னெழுத்தும் பெயருமாக, ஒரே தெருவில் மூன்று எஸ். லக்ஷ்மிகளும் இரண்டு எம். முருகேசன்களும் இருப்பார்கள். ஒரே வீட்டில் மாமியார், மருமகள், நாத்தனார் மூவருக்கும் ஒரே நாளில் ரத்தம் எடுக்க அழைக்கிறார்கள். நேரத்தை மிச்சப்படுத்த எண்ணி, மூன்று டூப்களிலும் பார்கோட் லேபிளை முன்கூட்டியே ஒட்டி மேஜைமேல் வரிசையாக வைத்துக்கொண்டு, மாமியாரின் நாளம் அகப்படாமல் மருமகளுக்கு முதலில் எடுத்துவிட்டு, எடுத்த கையோடு வரிசையில் முதலாவதாக நின்ற டூப்பை நிரப்பிவிடுகிற காரியம் அரை நொடியில் நடந்துவிடும். லேபிள் ஒட்டுவது ரத்தம் எடுத்த பின்பு, நோயாளியின் எதிரிலேயே, அவரை விட்டு அகலுமுன் செய்ய வேண்டிய காரியம். பெயரைக் கேட்பதிலும் ஒரு முறை உண்டு. ‘லக்ஷ்மி அம்மாதானே நீங்கள்?’ என்று கேட்டால், காது மந்தமான பாட்டி எதற்கும் தலையாட்டிவிடுவார். ‘உங்கள் பெயரென்ன, வயதென்ன, சொல்லுங்கள் அம்மா’ என்று கேட்டு, அவர் வாயாலேயே வரும் பதிலைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கறுப்புக் காகிதத்தைப் பற்றி வருஷம் முழுவதும் பேசும் மேலதிகாரி இந்த ஒன்றைப் பற்றி வருஷத்துக்கு ஒருமுறை பேசினாலே பெரிய உபகாரமாயிருக்கும்.

இரண்டாவது, கையில் கட்டும் டூர்னிகெட். அதை இறுக்கிய நிலையில் நெடுநேரம் விட்டால், நாளத்தில் தேங்கிய ரத்தத்திலிருந்து நீர் சுற்றுப்புறத் திசுக்களுக்குக் கசிந்துவிட, புரதங்களும் அவற்றைப் பற்றிய பொருள்களும் அடர்த்தியாகிவிடுகின்றன. முன்பே சொன்னபடி நம் பொருள் புரதத்தைப் பற்றியே இருப்பது. ஆகவே எண் ஏறும். கால்சியத்திலும் பாதியளவு புரதத்தோடு சேர்ந்திருப்பதால் அதுவும் கூடவே ஏறும். ஒரு நிமிஷத்துக்குமேல் கட்டு இருக்கக்கூடாது என்ற விதியின் நோக்கம் இதுதான். நாளம் தேடவே இரண்டு நிமிஷமானால், கட்டை அவிழ்த்துவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி கட்டுங்கள். நோயாளி நின்றிருந்தாரா, உட்கார்ந்திருந்தாரா, படுத்திருந்தாரா என்பதும் அற்பமான விஷயமன்று: படுத்திருந்தவர் எழுந்து நின்ற சிறிது நேரத்துக்கெல்லாம் பிளாஸ்மாவின் கன அளவு 10 சதவீதமோ அதற்குச் சற்று மேலோ சுருங்கிவிடுகிறது. 18 என்று வந்திருக்க வேண்டிய எண் 20-ஐ எட்டிவிட இதுவே போதும். 20-ஐக் கோடாக வைத்திருக்கும் டாக்டர் அதே நோயாளியைக் ‘குறைவு’ என்ற பக்கத்திலிருந்து ‘போதும்’ என்ற பக்கத்துக்கு மாற்றிவிடுவார். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தவரை அப்படியே குத்தாமல், கால் மணி நேரம் நாற்காலியில் உட்காரவைத்து எடுப்பது உத்தமம். காலை ஏழு மணிக்கு வாசல்வரை வரிசை நிற்கும்போது இது எவ்வளவு தூரம் சாத்தியம் என்று நீங்கள் கேட்பது என் காதில் விழாமல் இல்லை. வார்டில் வேறு விபரீதம் உண்டு. குளுக்கோஸோ உப்பு நீரோ ஏறிக்கொண்டிருக்கும் கையிலேயே, அதுவும் ஊசிக்கு மேற்புறத்தில் எடுத்தால், வைட்டமின் டி என்ன, எல்லாமே நீர்த்துப் போய்விடும். மறு கையில் எடுங்கள்.

மூன்றாவது டூப்பின் நிறம். இங்கே சற்று நின்று பேச விரும்புகிறேன். வைட்டமின் டி மட்டும் தனியாகக் கேட்கப்படுவது குறைவு. எலும்பின் நிலையறியக் கேட்கும் டாக்டர், கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், பாராதைராய்டு ஹார்மோன் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுவார். இவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தே அவர் முடிவுக்கு வருகிறார். மஞ்சள் மூடியிலோ சிவப்பு மூடியிலோ கிடைக்கும் சீரம் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உரியது. ஊதா மூடி டூப்பில் இருப்பது ஈடிடிஏ என்னும் உப்பு. ரத்தம் உறையாதிருக்கும்படி கால்சியத்தைக் கவ்விக்கொள்வதே அதன் தொழில். அதிலும் அது பொட்டாசியத்தோடு சேர்ந்த உப்பாகவே வருகிறது. வயதானவருக்கு நாளம் மெலிந்து, சிவப்பு மூடி டூப்பில் பாதிதான் நிரம்பிற்று என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் ஊதா மூடி டூப்பில் ரத்தம் தாராளமாக இருக்கிறது. மூடியைத் திறந்து அதிலிருந்து சிறிது இதில் ஊற்றிவிட்டால் நோயாளிக்கு இன்னொரு குத்து மிச்சம் என்ற இரக்கத்தினால்தான் அது செய்யப்படுகிறது. செய்தவர் கெட்ட எண்ணம் கொண்டவர் அல்லர். ஆனால் அந்தச் சில துளிகளோடு போன ஈடிடிஏ, கால்சியத்தை விழுங்கி எண்ணைப் பாதாளத்துக்குத் தள்ளுகிறது. பொட்டாசியத்தை ஆகாயத்துக்கு ஏற்றுகிறது. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் வேலை செய்வதற்கு அத்தியாவசியமான மக்னீசியத்தையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொண்டு அதன் எண்ணையும் தாழ்த்திவிடுகிறது. கால்சியம் ஐந்து, பொட்டாசியம் ஒன்பது என்று வரும் ரிப்போர்ட்டை அநுபவமுள்ள டாக்டர் பார்த்தால், இந்த எண்களோடு ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து காபி சாப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது என்று சிரித்துவிட்டு மறுபடி எடுக்கச் சொல்வார். ஆபத்து பெரிய அளவில் ஊற்றியபோது இல்லை. ஊசி முனையில் ஒட்டிய கொஞ்சத்தோடு ஊதாவிலிருந்து சிவப்புக்குப் போனபோதுதான். அப்போது கால்சியம் எட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கி, வைட்டமின் டிக் குறைவினால் நேர்ந்ததுபோலவே நம்பத்தக்க வேஷம் போட்டுக்கொள்கிறது. சீரத்துக்குரிய டூப்பை முதலில் நிரப்பி, ஊதா மூடியைப் பின்னால் நிரப்ப வேண்டும் என்ற வரிசைக்கு அர்த்தம் இதுதான்.

சிரிஞ்சினால் எடுத்த ரத்தத்தை ஊசியோடு சேர்த்தே டூப்பின் ரப்பர் மூடியில் குத்திக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளுவதும், டூப்பைக் கவிழ்த்து நிமிர்த்துவதற்குப் பதிலாகக் குலுக்குவதும் சிவப்பணுக்களை உடைக்கும். சீரம் ரோஜா நிறமாக வந்தால் சில யந்திரங்களில் வைட்டமின் டி எண்ணும் பிசகலாம். நேற்றிரவு கல்யாண விருந்து சாப்பிட்டவரின் சீரம் பால்போல் கலங்கி வந்தாலும் அப்படியே. வைட்டமின் டி பரிசோதனைக்காகப் பட்டினி அவசியமில்லை என்பது பொதுவிதி. ஆனால் கலக்கம் கண்டால் சீட்டில் குறித்துவிடுவது நல்லது.

இவற்றைக் காட்டிலும் குறைவாகப் பேசப்படுவது அவசரத்தினால் வரும் நூலிழை. சீரம் டூப்பை நிறுத்தி வைத்து, உறைவதற்கு அரைமணி நேரம் கொடுத்து, பிறகே சென்ட்ரிஃப்யூஜில் சுற்ற வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிற இருதய நோயாளிகளுக்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும். பத்து நிமிஷத்திலேயே சுற்றிவிட்டால், மேலே தெளிந்த சீரத்தில் கண்ணுக்கே புலப்படாத ஃபைப்ரின் இழைகள் மிதந்துகொண்டிருக்கும். யந்திரத்தின் உறிஞ்சுகுழல் நுனியில் ஓர் இழை அடைத்துக்கொண்டால் உரிய அளவு சீரம் ஏறாது. குறைந்த சீரத்தைக் கொண்டு குறைந்த எண்ணையே யந்திரம் சொல்லும். அடைப்பைத் தானே கண்டுபிடித்துக் கூவும் யந்திரங்கள் உண்டு. பாதி அடைப்பை அவையும் தவறவிடலாம். பிரித்த சீரத்தைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி மூடாமல் மணிக்கணக்கில் ஏசி அறையில் வைத்தாலோ நேர்மாறு: நீர் ஆவியாகி, எஞ்சியது அடர்ந்து, எண் ஏறும். மேஜைமேல் வெளிச்சத்தில் இருந்ததற்காக உங்களைக் கடிந்துகொண்டவர், அதே மேஜைமேல் மூடியில்லாமல் இருந்ததைக் கவனிக்கவில்லை என்பது வேடிக்கைதான்.

இனி, நாளத்தில் ஊசி இறங்குமுன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி. ‘முடிக்கும் நகத்துக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?’ என்று கேளுங்கள். முடி வளர்வதற்கென விற்கும் மாத்திரைகள் பலவற்றில் பயோட்டின் என்ற வைட்டமின், ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்குத் தேவையான 30 மைக்ரோகிராமுக்குப் பதிலாக 10 மில்லிகிராம், அதாவது முந்நூறு மடங்குக்குமேல், சேர்க்கப்பட்டிருக்கிறது. உடம்புக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை, கெடுதல் யந்திரத்துக்கு. ஹார்மோன்களையும் வைட்டமின்களையும் அளக்கும் யந்திரங்களில் பல, பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்ளும் குணத்தையே அஸ்திவாரமாகக் கொண்டு அமைந்தவை. ரத்தத்தில் ஏராளமான பயோட்டின் வந்து அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டால், யந்திரத்துக்குச் சமிக்ஞை குறைகிறது. வைட்டமின் டியை அளக்கும் போட்டி முறையில் சமிக்ஞை குறைந்தால் பொருள் அதிகமென்று கணக்காகிறது. ஆகவே உண்மையில் குறைவுள்ளவருக்கு ரிப்போர்ட்டில் நிறைவு வந்துவிடும். தைராய்டு ஊக்கி ஹார்மோனுக்கோ அதே காரணத்தால் எண் பொய்யாகக் குறையும். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் இதைப்பற்றிப் பகிரங்க எச்சரிக்கை வெளியிட்டது. மாத்திரை சாப்பிடுகிறவர் என்று தெரிந்தால், நீங்களாக மருந்தை நிறுத்தச் சொல்ல வேண்டாம்; சீட்டில் எழுதி, லேப் டாக்டரிடம் சொல்லுங்கள். அதே மூச்சில், வாரம் ஒன்றாக அறுபதாயிரம் யூனிட் பவுடரோ மாத்திரையோ சாப்பிடுகிறாரா, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்; நேற்றுச் சாப்பிட்டுவிட்டு இன்று எண் ஏறவில்லை என்று கலங்குவோருக்குப் பதில் சொல்ல டாக்டருக்கு அது உதவும்.

இதுவரை உங்கள் பொறுப்பைச் சொன்னேன். உங்கள் பொறுப்பு அல்லாததையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. ஒரே நாளில் ஒரே கையிலிருந்து எடுத்த ரத்தத்துக்கு ஒரு லேப் 17 என்றும் மற்றொன்று 24 என்றும் சொன்னால், அதற்கு ஊசி போட்டவரை அழைத்து விசாரிப்பது வீண். புரதத்தின் பிடியிலிருந்து வைட்டமின் டியை முழுவதும் விடுவித்து அளப்பது கடினமான காரியம். கம்பெனிக்குக் கம்பெனி அதைச் செய்யும் விதம் வேறு. தாவர, காளான் வகைகளிலிருந்து வரும் டி2 என்ற உருவத்தைச் சில கிட்கள் சரியாகக் காண்பதில்லை. மிகத் துல்லியமானதென்று மதிக்கப்படும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் முறையிலும், கைக்குழந்தைகளின் ரத்தத்தில் மிகுதியாக உள்ள ஓர் இரட்டைப் பிறவி மூலக்கூற்றைப் பிரித்தறியாவிட்டால் எண் கூடி வரும். இந்த வேற்றுமையைக் கண்காணிக்கவே 1989-இல் லண்டனில் டீக்வாஸ் என்ற ஏற்பாடு ஏற்பட்டது. அமெரிக்காவின் அளவைக் கழகமான நிஸ்ட் 2009-இல் தராதர சீரத்தை வெளியிட்டது. மறு வருஷம் உலகளாவிய தரப்படுத்தும் திட்டம் ஒன்றும் தொடங்கியது.

தேசம் முழுவதுமே இதனால் ஏமாறியதுண்டு. அமெரிக்க அரசாங்கம் தன் ஜனங்களின் ஆரோக்கியத்தைக் கணக்கிட நடத்தும் சர்வேயில், 1988 முதல் 1994 வரை எடுத்த ரத்தத்தைக் காட்டிலும் 2000 முதல் 2004 வரை எடுத்த ரத்தத்தில் வைட்டமின் டி வெகுவாகக் குறைந்திருப்பதாகக் காணப்பட்டது. அந்த இடைக்காலத்தில் அளக்கும் கிட்டின் அமைப்பே மாறியிருந்ததைக் கணக்கில் சேர்த்துத் திருத்தியபோது, ஆண்களிடம் குறைவு சிறிதாகிவிட்டது. பெண்களில் பெரும்பாலோரிடம் குறைவே இல்லையென்று ஆயிற்று. ஜனங்கள் வெயிலை மறந்துவிட்டார்கள் என்று உபந்நியாசம் செய்தவர்கள் ஓரளவுக்குக் கிட்டைப் பற்றியே உபந்நியாசம் செய்திருக்கிறார்கள். 2009-ஆம் ஆண்டு ஆரம்பத்தில் அந்நாட்டின் மிகப் பெரிய பரிசோதனை நிறுவனங்களுள் ஒன்று, தான் கொடுத்த வைட்டமின் டி ரிப்போர்ட்களில் ஆயிரக்கணக்கானவை பிழையாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, மறுபரிசோதனைக்கு அழைக்க நேர்ந்தது. அங்கே பிழை ரத்தம் எடுத்தவர்களுடையதாக இருக்கவில்லை. லேப்பின் உள்ளே, யந்திரத்தை ஒழுங்குபடுத்துவதிலும் முறையைப் பின்பற்றுவதிலும் நேர்ந்தது.

எண்ணுக்குப் பக்கத்தில் அச்சாகும் அலகும் கலகம் செய்யக் கூடியது. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் என்பதும் லிட்டருக்கு 50 நானோமோல் என்பதும் ஒன்றே. துபாயிலோ லண்டனிலோ வேலை பார்த்துத் திரும்பியவர், அங்கே 60 இருந்தது, இங்கே 24 ஆகிவிட்டது என்று உங்கள் மேஜைக்கு வந்து கூச்சலிட்டால், இரண்டரையால் வகுத்துக் காட்டுங்கள். ஏறக்குறைய சரியாகவே இருக்கும். கோடு எங்கே என்பதிலும் பெரியவர்களுக்குள் ஒற்றுமை இருந்ததில்லை: அமெரிக்க மருத்துவக் கழகம் 2010 இறுதியில் 20 போதுமென்றது, என்டோகிரைன் சொசைட்டி 2011-இல் 30 வேண்டுமென்றது, அதே சொசைட்டி 2024-இல் அந்த எண்ணைக் கைவிட்டுவிட்டது.

ஆயினும் பரிசோதனைத் துறையின் பிழைகளை மொத்தமாக எடுத்துப் பார்த்தால், யந்திரத்தில் நேர்வது சிறுபங்கே. இத்தாலியின் பதுவா நகர ஆஸ்பத்திரியில் பிளெபானி என்பவரும் அவருடைய சகாவும் பிழைகளைத் தேடிப் பிடித்து வகைப்படுத்தி 1997-இல் எழுதினார்கள்: 68 சதவீதம், மாதிரி யந்திரத்தை அடையுமுன்பே நேர்ந்தவை. பத்து வருஷம் கழித்து அதே இடத்தில் மறுபடி கணக்கெடுத்தபோதும் அந்தப் பங்கு 62 சதவீதமாகவே இருந்தது. முதலாளிகள் இதைப் படிக்க நேர்ந்தால் ஒன்று கேட்பேன்: யந்திரம் வாங்கக் கொட்டும் பணத்தில் ஒரு பகுதியை, காலை நேரத்தில் இன்னும் ஓர் ஊழியரை நியமிப்பதற்கும், டூப்பின் நிறத்தையும் வரிசையையும் சொல்லிக்கொடுப்பதற்கும் ஒதுக்கியிருக்கிறீர்களா? மணிக்கு இத்தனை வீடு என்று ஊழியரை விரட்டிவிட்டு, உறைவதற்கு அரைமணி நேரம் கொடுக்கவில்லையே என்று அவரையே கேட்பது தர்மமாகாது.

உங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். டூப் பாதிதான் நிரம்பிற்று, லேபிளில் சந்தேகம் வந்துவிட்டது, ட்ரிப்ஸ் ஏறிய கையில் எடுத்துவிட்டோம், சீரம் சிவந்து வந்தது என்று எது நேர்ந்தாலும், அதை மறைத்து அனுப்பிவிடலாமா என்ற எண்ணத்துக்கு இடம் கொடாமல், ‘மன்னிக்க வேண்டும் அம்மா, இன்னொரு முறை எடுக்க வேண்டியிருக்கிறது’ என்று சொல்லிவிடுங்கள். அந்த வீட்டில் இரண்டு வசவு கிடைக்கலாம்; மேலதிகாரி ஒரு குத்து ஊசியின் செலவைக் கணக்குப் பார்க்கலாம். கேட்டுக்கொண்டு மறுபடி எடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் கைகளை நம்பிக் கையை நீட்டுகிற ஒருவன்